ஜூடோ: பெயரிலேயே தொடங்கும் தவறுகள்

ஜூடோவைத் தவறாகப் புரிந்துகொள்ள எளிய வழி, அதன் பெயருக்கு அகராதியில் பொருள் தேடுவது. 'ஜூ' என்றால் மென்மை, 'டோ' என்றால் வழி என்றிருக்கும். சரி, பலமே தேவைப்படாத கலை போலும் என்று எண்ணிக்கொண்டு சிலர் பயிற்சிக்கு வருவார்கள். எதிராளியின் சட்டையைப் பட்டும் படாமலும் பிடித்தபடி, அவர் தானாகச் சாய்வார் என்று காத்திருப்பார்கள். கடைசியில் பாயில் கிடப்பது அவர்கள்தான்.

இந்தக் கலையை வகுத்த ஜிகோரோ கானோ இதற்கு ஒரு கணக்கே சொன்னார். எதிராளியின் பலம் 10, உங்கள் பலம் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தள்ளும்போது முட்டி நின்றால் தோற்பீர்கள். தள்ளும் அளவுக்கே பின்வாங்கினால், அவர் முன்னால் சாய்ந்து நிலைகுலைவார். அந்தக் கணத்தில் அவரிடம் மிஞ்சுவது 3. உங்களுடைய 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதி போதும், வீழ்த்திவிடலாம். ஆக, பலம் வேண்டும். அதைச் செலவழிக்கும் நேரம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மரபைப் பற்றிய தவறு வேறு மாதிரியானது. ஜூடோவை ஏதோ பழங்கால சாமுராய் ரகசியமாகப் பேசுவார்கள். டோக்கியோவின் எய்ஷோஜி கோவிலில், 12 பாய் விரித்த இடத்தில், 1882இல் 21 வயது கானோ தொடங்கியதுதான் ஜூடோவின் முதல் பள்ளியான கோடோகன். அதற்காக எல்லாம் அவர் கற்பனையில் உதித்தவை என்பதும் பிழை. பழைய ஜப்பானிய மல்லுக்கட்டுக் கலையான ஜுஜுட்சுவில், டென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டு மரபுகளில் முறையாகப் பயின்றவர் அவர். ஐகிடோ என்ற இன்னொரு ஜப்பானியத் தற்காப்புக் கலையையும் இதே வம்சத்தில் சேர்க்காதீர்கள். அதன் வேர் டைட்டோ என்ற வேறொரு மரபில் இருக்கிறது. பிரேசில் ஜுஜுட்சுவுக்கோ, மிட்சுயோ மாயேடா என்ற கோடோகன் வீரர் வழியாக ஜூடோவோடு நேரடி உறவு உண்டு.

களத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு, 'குசுஷி'யைத் தாண்டிக் குதிப்பது. குசுஷி என்றால் எதிராளியின் நிலையைக் குலைத்தல். அதைச் செய்யாமல் நேரே தூக்க முயல்பவருக்கு இடுப்புவலிதான் மிச்சம். கானோவுக்கே இது பிடிபட நாளாயிற்று. கிட்டோ மரபின் ஆசான் ஈகுபோவிடம் எப்போதும் விழுந்துகொண்டிருந்தவர், ஒருநாள் அவரையே திரும்பத் திரும்ப வீழ்த்தினார். ஆசான் காரணம் கேட்டார். எதிராளியின் நிலையை முதலில் குலைத்துவிட்டு வீசுவதை விளக்கினார் கானோ. இனி உனக்குக் கற்றுத்தர என்னிடம் எதுவுமில்லை என்றாராம் ஈகுபோ.