வியர்வையும் உப்புத் தண்ணீரும்: வடசென்னையில் முகக்கவசம் அணிவது எப்படி?

கொரோனா காலத்தில் முகக்கவசம் குறித்து வந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிரூட்டிய அறையில் அமர்ந்து வேலை செய்பவருக்குப் பொருந்துபவை. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் கூடை தூக்குபவருக்கும், எம்.சி. ரோட்டில் நாள் முழுதும் புடவை விரித்துக் காட்டுபவருக்கும், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துத் திருவொற்றியூர் வரை போய்வருபவருக்கும் தொல்லைகள் வேறு. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் இங்கே வியர்வை எளிதில் உலர்வதில்லை. காலை எட்டு மணிக்குப் போட்ட மாஸ்க் பத்து மணிக்குள் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டில் 200 ரூபாயாக இருந்த அபராதம் 2022 ஜனவரியில் 500 ரூபாயான பிறகும் தாடையில் தொங்கும் மாஸ்க்குகள் குறையாததற்கு, அலட்சியத்தோடு இந்த ஈரமும் ஒரு காரணம் என்பேன்.

ஆகவே முதல் ஏற்பாடு எண்ணிக்கைதான். வெளியே வேலை செய்பவர் நாளொன்றுக்கு மூன்று மாஸ்க்காவது கையோடு வைத்திருக்க வேண்டும். நனைந்த துணியின் வழியே மூச்சு விடுவது கடினம். அது வடிகட்டும் திறனும் குறைந்துவிடும். மூச்சு முட்டுகிறவர் அதைக் கீழே இழுக்கத்தான் செய்வார். உலர்ந்தவற்றை ஒரு காகித உறையிலும், கழற்றிய ஈர மாஸ்க்குகளைத் தனி பிளாஸ்டிக் உறையிலும் போட்டுக்கொள்ளலாம். சட்டைப் பையில் சில்லறையோடும் பீடிக்கட்டோடும் மடித்து வைத்த மாஸ்க்கை எடுத்து மாட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைவிடத் துவைத்த கைக்குட்டையே மேல்.

துணி மாஸ்க் தைத்துக்கொள்பவர்கள், உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5 அன்று சொன்ன மூன்றடுக்கு முறையைப் பின்பற்றலாம். உள்ளே வியர்வையை உறிஞ்சும் பருத்தி, நடுவே நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன், வெளியே எளிதில் நனையாத பாலியெஸ்டர் கலந்த துணி. நடு அடுக்கைப் பற்றி மலைக்க வேண்டாம். ஜவுளிக்கடைகளில் துணிப்பை போலவே தோன்றும் மெல்லிய பைகளைத் தந்தார்களே, அதே வகைப் பொருள்தான். தைத்ததைக் குழல் விளக்கின் முன் தூக்கிப் பிடித்துப் பார்க்கும்போது நெசவின் இடைவெளி வழியே வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அந்தத் துணி போதாது. ஒற்றை முந்தானையும் ஒற்றைத் துண்டும் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

அடுத்தது துவைப்பது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் தூள் போடுவோம். அலசியும் போகாத தூள் துணியில் தங்கி, வியர்வை பட்டதும் கன்னத்தில் அரிப்பையும் வேர்க்குரு போன்ற தடிப்பையும் கொண்டுவரும். மாஸ்க் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னவர்களில் சிலருக்காவது ஒத்துக்கொள்ளாதது இந்தச் சோப்பாக இருந்திருக்கலாம். சோப்பைக் குறைவாகப் போட்டு, கைபொறுக்கும் சூட்டில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ குடிநீரோ ஒரு செம்பு ஒதுக்கினால் போதும். வைரஸின் வெளிப்புறக் கொழுப்புறையைச் சோப்பு உடைத்துவிடுவதால் கிருமிநாசினி எதையும் கலக்கத் தேவையில்லை. மொட்டை மாடி இல்லாத ஒண்டுக்குடித்தனத்திலும் ஐப்பசி மழையிலும் துணி காயாது என்பதால், நன்றாகப் பிழிந்து மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டிப் போட்டு, காலையில் ஈரம் மிச்சமிருந்தால் பருத்தி அடுக்கின் பக்கமாக மட்டும் மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். நடுவிலுள்ள பாலிப்ரொப்பிலீன் அதிக சூட்டில் உருகிவிடும்.

என்-95 (N95) வகை மாஸ்க்கை மட்டும் துவைக்கக் கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் நிலைமின்னூட்டமே நுண்துகள்களை ஈர்த்துப் பிடிக்கிறது. சோப்போ சானிடைசரோ பட்டால் அந்த மின்னூட்டம் அழிந்துவிடும். நானும் விலை கொடுத்து வாங்கிய ஒன்றைச் சலவைத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, புதிது போல ஆயிற்று என்று மகிழ்ந்தவன்தான். நான்கைந்து வாங்கி, நாளுக்கு ஒன்றாக அணிந்து, கழற்றியதைக் காகித உறையில் காற்றோட்டமாக வைத்துச் சுழற்சியில் பயன்படுத்துவதே சரி. பட்டை தளர்ந்தாலும், அழுக்கேறினாலும், வியர்வையில் ஊறினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். அடர்ந்த தாடி இருப்பவருக்கு இது முகத்தோடு பொருந்தி அமராது. வால்வு வைத்தது அணிபவருக்கு இதமாக இருக்கும். ஆனால் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியேறுவதால் எதிரில் இருப்பவருக்குப் பயனில்லை.

மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு வேறொரு சங்கடம் உண்டு. சூடான மூச்சு மாஸ்க்கின் மேல் விளிம்பு வழியே ஏறிக் கண்ணாடியில் பனியாகப் படியும். பேருந்தின் எண் கூடத் தெரியாது. மூக்குக் கம்பியை ஒரே விரலால் கிள்ளிவிடாமல், இரு கைவிரல்களாலும் மூக்கின் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்தி அமர்த்த வேண்டும். கண்ணாடி அந்த விளிம்பின் மேல் உட்கார வேண்டும். மூன்றடுக்கு மருத்துவ மாஸ்க்காக இருந்தால், காதுக் கயிறுகளை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி முடிச்சிட்டு, பக்கவாட்டில் பிதுங்கும் மடிப்பை உள்ளே செருகிவிட்டால் கன்ன இடைவெளி அடைபடும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலரவிட்டால், மெல்லிய படலம் தங்கிச் சில மணி நேரம் பனி படியாமல் காக்கும்.

காது வலிக்கு மருந்து தேவையில்லை. நான்கு அங்குல எலாஸ்டிக் பட்டையின் இரு முனைகளிலும் பழைய சட்டைப் பொத்தான்களைத் தைத்து, பட்டையைப் பிடரியில் வைத்துக் கயிறுகளைப் பொத்தான்களில் மாட்டினால் இழுவை காதை விட்டுப் போய்விடும். கொண்டை போடும் பெண்கள் கொண்டைக்குக் கீழே ஓர் ஊக்கிலேயே மாட்டிவிடலாம். காதுக் கருவி அணியும் முதியவர்களுக்கு இந்தப் பட்டை கட்டாயம் தேவை. காதுக் கயிற்றோடு சேர்ந்து கருவியும் தெறித்துச் சாக்கடையில் விழுந்தால் ஆயிரக்கணக்கில் நட்டம். எந்தப் பட்டை போட்டாலும் மாஸ்க்கைத் தெருவில் அவசரமாகக் கழற்றாதிருப்பது நல்லது.

பேச்சு இன்னும் சிக்கலானது. இரைச்சலான சந்தையில் விலை சொல்லும் கணத்தில்தான் மாஸ்க் கீழே இறங்குகிறது, எச்சில் துளிகள் அதிகம் தெறிப்பதும் அப்போதுதான். உரக்கக் கத்துவதற்குப் பதில் விலையைச் சிலேட்டிலோ அட்டையிலோ எழுதி வைக்கலாம். விரல்களால் எண்ணிக்கை காட்டுவது காசிமேட்டில் புதிதன்று. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவரிடம் செல்பேசியில் எழுதிக் காட்டுவதே மரியாதை. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால், திறந்த வெளியில் இரண்டு கை தூரம் விலகி நின்று, ஒரு நிமிடம் மட்டும் மாஸ்க்கை இறக்கிப் பேசலாம். மீன் அரியும் அம்மாக்களுக்கு இரண்டு கையும் எந்நேரமும் செதிலும் நீருமாக இருப்பதால், நழுவிய மாஸ்க்கைத் தொட வழியே இல்லை. அவர்கள் தலைக்குப் பின்னால் நாடா கட்டும் வகையை, வேலை தொடங்கும் முன்னரே இறுக்கிக் கட்டிக்கொள்வது உத்தமம்.

டீக்கடையில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்காமல், கயிற்றைப் பிடித்து முழுதாகக் கழற்றி உறையில் போட்டு, கூட்டத்தை விட்டு விலகி நின்று குடித்து முடித்ததும் மீண்டும் போட வேண்டும். கதை பேச வேண்டுமானால் டீயை முடித்துவிட்டுப் பேசலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாஸ்க் வேண்டாம். தூங்கும்போதும் ஓடும்போதும் எவருக்கும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் மருத்துவரைக் கேட்டு வகையைத் தேர்ந்துகொள்ளட்டும்.

பயன்படுத்தித் தீர்ந்த மாஸ்க்கை எவரும் மறுபடி எடுத்து விற்காதபடி கத்தரித்து, காகிதப் பையில் 72 மணி நேரம் தனியே வைத்திருந்து, அதன்பின் உலர்குப்பையில் சேர்க்குமாறு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் வழிகாட்டியது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் இதற்கு இடம் ஏது என்று கேட்கலாம்; கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் ஒரு மளிகைக் காகிதப் பை போதும். பையின் மேல் தேதியை எழுதிவைத்து, மூன்று நாள் கழிந்ததும் குப்பை வண்டி வரும்போது வாயைக் கட்டி உலர்குப்பைக் கூடையில் போட்டுவிடலாம். அந்தக் குப்பையைப் பிரிப்பவர் கையுறை இல்லாமலும் பிரிப்பார்.