கால் பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கினால்

பெருவிரலின் ஒரு ஓரம் மட்டும் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்க வைக்கிறதா? பலர் இதை நகச்சுத்து என்று நினைத்துத் தேசிக்காயைக் குடைந்து விரலில் மாட்டுவார்கள். நகச்சுத்து நகத்தைச் சுற்றிய தோலில் கிருமி புகுந்து வருவது. இது நகத்தின் முனையே சதையைக் குத்துவது. சிராம்பு ஏறிய இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசினால் சிராம்பு வெளியே வந்துவிடுமா? பழுத்த பிறகு குளிசை போட்டால் சீழ் குறையலாம். குத்துகிற முனை அங்கேயேதான் இருக்கும்.

அந்த முனையை உண்டாக்குவது பெரும்பாலும் நகவெட்டிதான், அல்லது பிளேட். மூலையை வளைத்து ஆழமாக வெட்டும்போது, ஆயுதம் எட்டாத அடியில் ஊசி போல ஒரு துண்டு மிஞ்சிவிடும். மேலே நகம் இல்லாததால் ஓரச்சதை எழும்பி வரும். வளரும் நகம் நேரே அதற்குள் போகும். இறுக்கமான சப்பாத்தும், வியர்வையில் ஊறிய காலும், மண்வெட்டி பட்ட அடியும் இதை விரைவாக்கும்.

சிவப்பும் வலியும் மட்டும் இருந்தால், சீழ் இல்லையென்றால், வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்து, பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை காலை வையுங்கள். பிறகு விரலிடுக்கு உட்பட நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரமாக விட்டால் தோல் ஊறி இன்னும் மென்மையாகும், நகம் இன்னும் இலகுவாக இறங்கும்.

இரண்டு மூன்று நாளில் வீக்கம் தணிந்ததும் பஞ்சு வைக்கலாம். சுத்தமான பஞ்சை விளக்குத் திரியைவிட மெல்லிதாக உருட்டி, அரிசிமணி நீளத்துக்கு எடுங்கள். குளித்தோ ஊறவைத்தோ நகம் மென்மையாக இருக்கும்போது, மூலைக்கு அடியில் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். நகமுனை சதைக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே தள்ளும்போது தாங்க முடியாத வலி வந்தால் நிறுத்திவிட்டு இன்னும் இரண்டு நாள் ஊறவையுங்கள். பஞ்சைத் தினமும் மாற்றாவிட்டால் அதுவே பழுக்க வைக்கும்.

பஞ்சு நிற்கவில்லையா? ஒரு சென்ரிமீற்றர் அகல ஒட்டும் பிளாஸ்டரின் ஒரு முனையை நகத்துக்கு அருகில் வீங்கிய சதையில் ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்தபடி, விரலின் அடியால் சரிவாகச் சுற்றிக் கொண்டு வாருங்கள். விரலை நெரிக்கக் கூடாது. எங்கள் வெயிலுக்கு வியர்த்துக் கழரும். துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டவேண்டியதுதான்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். ஒரு கிழமையில் வலி போனதும் பஞ்சை விட்டுவிடுவார்கள். கால்நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர்தான் வளரும். மூலையில் 3 மில்லிமீற்றர் குறைவாக இருந்தால், அது சதையைத் தாண்டி வெளியே வர இரண்டு மாதம் வேண்டும். அதுவரை பஞ்சு. வலி வரும்போதெல்லாம் மூலையைத் தோண்டி எடுப்பவர்களுக்கு அன்று சுகம், அடுத்த மாதம் அதே கதை. நகத்தின் நடுவில் வெட்டுப்போட்டால் ஓரம் உள்ளே இழுபடும் என்பதும் பொய்: நகம் அடியிலிருந்து வளர்கிறது, நுனியில் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது.

சீழ், நகத்தின் மேல் ஏறும் ஈரமான சிவப்புத் தசை, காய்ச்சல், காலில் ஏறும் சிவப்பு, மூன்று நாளில் எந்த மாற்றமும் இல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள், காலில் இரத்தவோட்டம் குறைந்தவர்கள், விரலில் உணர்ச்சி மரத்தவர்கள் முதல் நாளே போக வேண்டும். பஞ்சும் நகவெட்டியும் அவர்களுக்கு அல்ல. திறந்த புண்ணோடு வயல் தண்ணீரில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கும் வழி. விதைப்புக் காலத்தில் இறங்காமல் முடியாதென்றால், தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைப் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. விரலின் அடியில் இரு பக்கமும் விறைப்பூசி போட்டு, குத்துகிற ஓரத்தை மட்டும் ஒரு கீற்றாக எடுப்பார்கள். அந்தக் கீற்றின் வேரில் பீனோல் என்ற இரசாயனத்தை வைத்தால் அது அநேகமாகத் திரும்ப முளைக்காது. நகம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். பீனோல் வைத்த இடம் சில கிழமைகள் ஈரம் கசியும், அது வழமையானதுதான். முழு நகத்தையும் பிடுங்கினால் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்து வளர்ந்து, பழையபடி குத்த வாய்ப்பு அதிகம். வைத்தியரிடம் இதைக் கேட்டுவிட்டே சம்மதியுங்கள்.

திரும்ப வராமல் இருக்க, நகத்தை நேராக வெட்டுங்கள். மூலைகள் சதைக்கு மேலே தெரிய வேண்டும். கூர்மையாக இருந்தால் அரத்தால் தேய்க்கலாம், வளைக்க வேண்டாம். தடித்த நகத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்துச் சிறு சிறு துண்டாக வெட்டுங்கள். கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் புறப்படுவதற்கு முந்திய இரவில் நகம் வெட்டாமல் ஒரு கிழமை முன்பே வெட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கும்போது பின்னேரம் போய், எழும்பி நிற்கவைத்து, நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமத்திப் பாருங்கள். இரண்டு காலிலும் பாருங்கள், ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும்.