விமானம் மேலேறும்போது பறவை மோதல்: கீழே நாம் செய்யும் தவறுகள்

2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் 185 பயணிகள் இருந்தார்கள். மேலேறும்போதே இடது எஞ்சினில் பறவை மோதியது. நெருப்பு தெறிப்பதைத் தரையில் நின்றவர்களே பார்த்தார்கள். பைலட்கள் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒற்றை எஞ்சினோடு திரும்பிப் பத்திரமாக இறக்கினார்கள்.

"இத்தனூண்டு பறவை அவ்வளவு பெரிய விமானத்தை என்ன செய்துவிடும்?" என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் கிளம்பிய விமானத்தின் எஞ்சின்களுக்குள் ஸ்டார்லிங் பறவைக் கூட்டம் புகுந்தது. நம்மூர் மைனாவுக்குச் சொந்தம் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். 72 பேரில் 62 பேர் இறந்துபோனார்கள்.

கிளம்பும் நேரத்தில் எஞ்சின் முழு வேகத்தில் காற்றை உறிஞ்சும். டேங்க் நிறைய எரிபொருள், காலுக்குக் கீழே உயரமும் கிடையாது. ஓடுதளத்தில் ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் பிறகு பிரேக் போட்டு நிற்க இடம் போதாது. அடிபட்ட எஞ்சினோடுதான் மேலேறியாக வேண்டும். சரி, முன்னால் ஒரு வலை கட்டலாமே என்று பலர் கேட்பார்கள். வலை காற்றைத் தடுக்கும், அதில் பனி உறையும், பறவை அடித்து அறுந்தால் கம்பியும் சேர்ந்து உள்ளே போகும்.

அதனால் பறவை அங்கே வராமல் பார்த்துக்கொள்வதே வழி. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்கு அறுக்கவோ, பறவையை ஈர்க்கும் குப்பையைக் கொட்டவோ கூடாது என்று இந்திய விமான விதி சொல்கிறது. அப்படியும் நடக்கிறது. ராத்திரி கடை மூடும்போது கோழிக்குடலையும் இறகையும் பையில் கட்டி வாய்க்கால் ஓரம் வீசுகிறோம். விடிவதற்குள் நாய் பையைக் கிழித்துவிடும், வெயில் ஏறியதும் பருந்துகள் அதற்கு மேலே வட்டமிடும். காலை விமானம் கிளம்பும் வானமும் அதுதான்.

மொட்டை மாடியில் புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியம் என்பார்கள். ஓடுதளத்துக்குப் பக்கத்துத் தெருவில் அது வேண்டவே வேண்டாம். 1988இல் எத்தியோப்பியாவின் பஹிர் தாரில் கிளம்பிய விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலும் புறாக் கூட்டம் புகுந்து 35 பேர் உயிர் போனது.

கறிக்கழிவை மூடி போட்ட டிரம்மில் வைத்து, அன்றைக்கே குப்பை வண்டியில் ஏற்றிவிடுங்கள். வண்டி வரவில்லையா? உள்ளாட்சியிடம் புகார் கொடுங்கள். அப்புறம், பருந்து தினமும் சுற்றும் இடம் எது என்பதை விமான நிலையத்துக்கும் தெருப் பெயரோடு எழுதிப் போடுங்கள்.