எட்டும் எய்ட்டும்: சொல்லாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல் வரலாறு பழக வரும் பிள்ளைகளின் குறிப்பேடுகளை அடிக்கடி பார்க்கிறேன். நாங்கள் பழகிய காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அகராதி பார்க்காமல் எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை போகப் போகச் சரியாகிவிடும்.

இன்றைய உருவத்தை வைத்து ஒப்பிடுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' இரண்டையும் காட்டி, "ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, இரண்டும் ஒரே சொல் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும் சார்?" என்றார் ஒரு மாணவர். பத்தெட்டு எவ்வளவு என்று கேட்டேன். "எண்பது" என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். எண்ணூறு, எண்திசை எல்லாவற்றிலும் நிற்பது 'எண்'. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. 'எண்' என்ற அடியோடு 'து' சேர்ந்துதான் எட்டு ஆனது.

ஆங்கிலச் சொல்லின் பாதையே வேறு. ஜெர்மனில் 'அக்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. 'எய்ட்' என்று எழுதும்போது நடுவில் ஒலிக்காமல் கிடக்கும் 'ஜி', 'எச்' இரண்டும், முன்பு அங்கே இருந்த மெய்யொலியின் தடம். ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொற்கள் பழைய வடிவங்களில் பொதுவாக நெருங்கி வரும். இவை விலகிப் போகின்றன. மூன்றையும் 'த்ரீ'யையும் பக்கத்தில் வைத்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும். இந்த ஒரு ஜோடியை நம்பி, ஆங்கில எண்ணுப்பெயர்கள் எல்லாமே தமிழிலிருந்து போனவை என்று முழுக் கட்டுரையே எழுதி முடித்திருந்தார். நல்ல உழைப்பு, அத்தனையும் வீண்.

பொருளும் ஒத்தால் உறுதி என்பது

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பாபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. 1960களில் மொழியியலாளர் டிக்ஸன் பதிவு செய்தார். ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய சொல் அல்ல: அண்டை மொழியான யிடினில் அது 'குடகா', ம்பாபரத்தில் முதல் அசை உதிர்ந்துவிட்டது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் கெட்டதுதான். ஆங்கில 'பேட்'டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பொருள் மாறினால் உறவில்லை என்பது

ஜெர்மனில் 'கிஃப்ட்' நஞ்சு, ஆங்கிலத்தில் பரிசு. இரண்டும் கொடுத்தலைக் குறிக்கும் ஒரே வினையில் பிறந்தவை.

அம்மா, அப்பா

மொழியுறவுக்குச் சான்றாக இவற்றைத் தொடாதீர்கள். மழலை வாய்க்கு எளிதில் வரும் ஒலிகள் எங்கும் இவைதான்.

கடன் என்று வாயால் சொல்வது

யார், எங்கே, எப்போது வாங்கினார்கள் என்று காட்டுங்கள். 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குப் போனதற்கு ஏடு இருக்கிறது: சோழமண்டலக் கரையில் மக்கள் அதை இப்படி அழைப்பதாக ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் அச்சிட்ட பயணநூலில் எழுதியிருக்கிறார்.