மனதில் ஓடும் எண்ணத்தைத் தாளில் எழுதிச் சோதிப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "திங்கட்கிழமை வந்ததும் என்னைப் பாருங்க." அவ்வளவுதான், சனி ஞாயிறு இரண்டும் போச்சு. அந்த வரியில் கெட்ட செய்தி எதுவும் கிடையாது. "வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள்" என்று நாமே அதற்கு ஒரு பொழிப்புரை எழுதிக்கொள்கிறோம். தூக்கத்தைக் கெடுப்பது அந்த உரைதான்.

1960களில் ரிச்சர்ட் லாசரஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். பார்க்கவே சங்கடமான ஒரு படத்தை வெவ்வேறு விளக்கக் குரல்களோடு காட்டினார்கள். படம் ஒன்றுதான், ஆனால் குரல் மாறியபோது, பார்த்தவர்களின் உடலில் பதிவான பதற்றமும் மாறியது. அதே காலத்தில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், தானாக வந்து விழும் எண்ணங்களைப் பிடித்து ஆராயும் சிகிச்சை முறையை உருவாக்கினார். கீழே இருப்பது அந்த வழியில் வந்த எளிய பயிற்சி. நோட்டும் பேனாவும் போதும். மொபைலில் எழுத வேண்டாம் என்பது என் கட்சி. எழுத எடுத்த கை அந்தச் செய்தியைத்தான் மறுபடி திறக்கும்.

படி 1: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

"மேலாளர் கோபமாகச் செய்தி அனுப்பினார்" என்று எழுதினால், அதற்குள் உங்கள் ஊகமும் புகுந்துவிட்டது. "மாலை 6 மணிக்குச் செய்தி வந்தது, திங்களன்று வரச் சொன்னார்." இவ்வளவு போதும்.

படி 2: எண்ணத்தைப் பிடியுங்கள்

"எதுக்குக் கூப்பிடுறார்?" என்று கேள்வியாக ஓடினால், அதற்கு அடியில் இருக்கும் பதிலை எழுதுங்கள். கேள்வியைச் சோதிக்க முடியாது. "என் வேலை போகப்போகிறது" என்பதைச் சோதிக்கலாம். பக்கத்தில் உணர்வையும் எழுதி, 0 முதல் 100க்குள் மதிப்பெண் போடுங்கள். உதாரணமாக, பயம் 80.

படி 3: இரண்டு பக்கச் சான்றுகள்

நேரம் பிடிப்பது இங்கேதான், அவசரப்படாதீர்கள். தாளின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்றுகளை எழுதுங்கள்: போன மாதம் ஓர் அறிக்கை தாமதமானது. "எனக்கு அப்படித் தோணுது" என்பது சான்றாகாது, அடித்துவிடுங்கள். வலப்பக்கம் எதிரானவை: இதற்கு முன்பும் இப்படிக் கூப்பிட்டிருக்கிறார், அப்போது வந்தது புது வேலைதான், அடுத்த மாதத் திட்டத்தில் என் பெயர் இருக்கிறது. வலப்பக்கம் எதுவும் தோன்றாவிட்டால், இதே செய்தி நண்பருக்கு வந்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். அடுத்தவர் விஷயத்தில் நமக்கு நியாயம் சட்டென்று தெரிந்துவிடும்!

படி 4: நம்பக்கூடிய மாற்று வரி

"எல்லாம் நல்லதுக்கே" என்று எழுதாதீர்கள். மனம் அதை நம்பாது, பயமும் குறையாது. "எதற்கு என்று இன்னும் தெரியாது. அறிக்கை பற்றியும் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல என்னிடம் விவரம் இருக்கிறது." வாசிக்கும்போது 'ஆமாம், இதுதான் சரி' என்று பட வேண்டும்.

படி 5: மறுபடி மதிப்பெண்

80 இருந்தது 50 ஆனால் நல்ல பலன். பூஜ்யத்தை எதிர்பார்க்க வேண்டாம். எண் அசையவே இல்லையென்றால், படி 2இல் பிடித்தது மேலோட்டமான எண்ணமாக இருக்கலாம். "வேலை போனால் என்ன ஆகும்?" என்று இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள்.

ஒன்று, வீட்டில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது இதைக் கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். அப்புறம், சம்பளமே வரவில்லை, மேலாளர் தினமும் திட்டுகிறார் என்றால் மாற வேண்டியது உங்கள் எண்ணமா என்ன? அங்கே புகார் கொடுப்பதோ வேறு வேலை தேடுவதோதான் வழி. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நோட்டோடு மல்லுக்கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.