செபமாலை சொல்லத் தொடங்குவோருக்கு

முதல் நாளே பத்துப் பத்து மணிகளாக உள்ள ஐந்து தொகுதிகளையும் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு பத்து போதும். நிதானமாகச் சொன்னால் நான்கு நிமிடம். முழுச் செபமாலைக்கு இருபது நிமிடமாவது வேண்டும்.

சிலுவையைப் பிடித்து விசுவாச அறிக்கை. அடுத்த பெரிய மணியில் விண்ணகத் தந்தை செபம், மூன்று சிறு மணிகளில் அருள் நிறைந்த மரியே, பிறகு திரித்துவப் புகழ். அதன்பின் அந்தந்த நாளின் மறையுண்மை, அதாவது இயேசு, மரியாவின் வாழ்வில் தியானிக்கும் நிகழ்வுகள்: திங்கள், சனி மகிழ்ச்சி; செவ்வாய், வெள்ளி துயரம்; புதன், ஞாயிறு மகிமை; வியாழன் ஒளி. ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2002இல்.

பலரும் தடுமாறுவது வேகத்தில்தான். சென்னையின் மீனவப் பகுதிகளான ராயபுரம், காசிமேடு வீடுகளில் குடும்பமாகச் சொல்லும்போது, அருள் நிறைந்த மரியே செபத்தின் முன்பாதியைச் சொல்பவர் முடிக்குமுன்பே மற்றவர்கள் பின்பாதியை "தூய மரியே" என்று தொடங்கிவிடுகிறார்கள். அப்போது வாய் ஓடும், மனம் நிற்காது. "இயேசு" என்ற பெயரில் ஒரு மூச்சு நிறுத்துங்கள். வேகம் தானே அடங்கும்.

கவனம் சிதறினால் மணியை முதலிலிருந்து எண்ண வேண்டாம். கடலுக்குப் போன மகனோ கட்டாத வாடகையோ, மனம் எங்கே போனதோ அதையே அடுத்த மணியின் மன்றாட்டாக்குங்கள். செபத்துக்கு இதைவிட உண்மையான பொருள் கிடைக்காது. படுத்துக்கொண்டு சொன்னால் தூக்கம் வரும். விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் இரவு உணவுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.