எல் சல்வடோர் கடையில் மதியச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாஸ் ஏஞ்சலிஸ், வாஷிங்டன் வட்டாரங்களில் குடும்பமாக நடத்தும் எல் சல்வடோர் சாப்பாட்டுக் கடைகள் நிறைய உண்டு. மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த பலர் இந்த வட்டாரங்களில்தான் குடியேறினார்கள். இந்தக் கடைகளுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அதை இன்னொரு மெக்சிகோ கடை என்று நினைப்பதால் வருபவை. மெனுவில் டாக்கோ இருந்தாலும், அது கேட்டு வருகிறவர்களுக்காகப் போட்டு வைத்தது. அதை விட்டுவிட்டு, உள்ளே பூரணம் வைத்துச் சுடும் மக்காச்சோள ரொட்டியான புபூசாவுக்குப் போங்கள்.

ஆனால் அவசரமாகப் போகக் கூடாது. நாம் சொன்ன பிறகுதான் தட்டவே ஆரம்பிப்பார்கள். கையில் எண்ணெயும் தண்ணீரும் தொட்டு, மக்காச்சோள மாவை உருட்டிக் குழித்து, போளிக்குப் பூரணம் வைப்பதுபோல் சீஸை உள்ளே வைத்து மூடி, பட்பட்டென்று தட்டிக் கல்லில் போடுவார்கள். ஓரத்தில் கசியும் சீஸ் கல்லில் பட்டு முறுகிப் பழுப்பாகும். அதைக் கருகல் என்று பிய்த்து ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நேரமில்லை என்றால் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். பசி வேகத்தில் ஆளுக்கு நாலு கேட்காதீர்கள், பெரும்பாலும் இரண்டே போதும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘ரெவுவெல்டா’ என்பது சீஸ், பீன்ஸ், சிச்சரோன் மூன்றும் கலந்தது. இங்கே சிச்சரோன் என்றால் அரைத்த பன்றி இறைச்சி. பீன்ஸ் மட்டும் போதும் என்றாலும் நிம்மதி கிடையாது. அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு. வெட்கப்படாமல் ‘மன்தேகா (பன்றிக் கொழுப்பு) போடுகிறீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள். லொரோகோ என்ற பூமொட்டும் சீஸும் சேர்ந்ததுதான் என் தேர்வு. அதையும் இறைச்சி வைத்தவை வேகும் அதே கல்லில்தான் போடுவார்கள், அது உறுத்துமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

‘உப்புச் சப்பில்லை, காரமே இல்லை’ என்று முதல் வாயிலேயே சொல்லிவிடுவது அடுத்த தவறு. சல்வடோர் சமையலே அவ்வளவு காரம் கிடையாது. கூட வரும் குர்திடோவைத் தொட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முட்டைக்கோஸ், கேரட், வெங்காயத்தை வினிகரில் ஊறவைத்தது அது. தனி சாலட்டாகச் சாப்பிடாமல் புபூசாவின் மேலே அள்ளிப் போட்டு, நீர்த்த தக்காளிச் சாஸை ஊற்றி, கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். கத்தியும் முள்கரண்டியும் வேண்டாம். குர்திடோ ஜாடி மேசையில் பொதுவாக இருந்தால், வாயில் வைத்த கரண்டியை அதில் விடாதீர்கள்.

அப்புறம், புபூசா மட்டும்தான் என்று இருந்துவிடாதீர்கள். எல் சல்வடோரில் அதைக் காலையிலும் இரவிலும்தான் அதிகம் சாப்பிடுகிறார்கள். மதியத்துக்கு மாட்டிறைச்சி சூப் கேட்டுப் பாருங்கள்: மரவள்ளிக்கிழங்கு, சௌசௌ, சோளக்கதிர்த் துண்டு எல்லாம் மிதக்கும் பெரிய கிண்ணம். ஓர்சாட்டா என்ற பானத்தைக் கேட்டு, அது பழுப்பாக வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். மெக்சிகோக்காரர்கள் அரிசியில் செய்வது வெள்ளையாக இருக்கும். இது மோரோ என்ற மரத்தின் விதையை வறுத்து அரைத்தது.

சில கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள், கையில் பணம் இருக்கட்டும். மீந்த புபூசாவை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். வீட்டுத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சிறு தீயில் இரண்டு பக்கமும் புரட்டி எடுங்கள். குர்திடோவைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.